டப்பா கேமராவுக்கு மூளை எங்க இருக்கு?

போன தை மாசம் ஒகேனக்கல் போயிருந்தப்ப கையில ஒரு பிளாஸ்டிக் கேமரா வச்சிருந்தேன், ரோல் போடுற கேமரா, கையில கனமே தெரியாது. பரிசல் ஓட்டுற அண்ணன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "என்ன தம்பி, இதுல திருகறதுக்கு ஒண்ணுமே காணோம்"னு கேட்டாரு. உண்மைதான். பிளாஷ் போட ஒரு வளையம், ரோலை நகத்த ஒரு சக்கரம், ஒரு பட்டன், கடைசியில ரோலைத் திருப்பிச் சுத்த ஒரு கைப்பிடி, அவ்ளோதான். போகஸ் பண்ண முடியாது, ஷட்டர் ஸ்பீடு மாத்த முடியாது, வெளிச்சத்தை அளக்குற மீட்டரும் கிடையாது. ஆனா அந்த ரோலைக் கழுவிப் பாத்தப்ப பாறை மேல அடிக்கிற உச்சி வெயில்லயும் படம் இருந்துச்சு, மீன் வறுக்கிற கடை ஓரத்து மரநிழல்லயும் படம் இருந்துச்சு. எதையுமே மாத்த முடியாத ஒரு டப்பா எப்படி ரெண்டு இடத்துலயும் சமாளிச்சது, இதைத்தான் ரொம்ப நாளா யோசிச்சுட்டு இருக்கேன், இப்ப பசங்க நெறைய பேர் இந்த மாதிரி கேமரா வாங்கி என்கிட்ட சந்தேகம் கேக்குறதால எழுதியே வச்சிடலாம்னு தோணுச்சு.

என் பதில் இதுதான். டப்பா கேமராவுக்கு மூளை இருக்கு, ஆனா அது டப்பாவுக்குள்ள இல்ல. கொஞ்சம் வெயில்கிட்ட இருக்கு, பெரும்பகுதி பிலிம்கிட்ட இருக்கு, மிச்சம் ஸ்டுடியோக்காரர்கிட்ட இருந்துச்சு.

கணக்கா சொன்னா சுலபமா புரியும். போட்டோ எடுக்கிறவங்ககிட்ட சன்னி சிக்ஸ்டீன்னு ஒரு பழைய கணக்கு உண்டு. நல்ல வெயில்ல லென்ஸ் துவாரத்தை எஃப் 16ல வச்சீங்கன்னா (எஃப் நம்பர் கூடக் கூட துவாரம் சின்னதாகும்), 100 ஐஎஸ்ஓ பிலிமுக்கு (ஐஎஸ்ஓன்னா பிலிம் வெளிச்சத்தை வாங்குற வேகம்) 1/100 செகண்டு, 200 ஐஎஸ்ஓ பிலிமுக்கு 1/200 செகண்டு ஷட்டர் தொறந்தா போதும். இப்ப என்கிட்ட இருக்கிறது கோடக் பேர்ல 2022ல வந்த எக்டார் எச்35. அதுல துவாரம் எஃப் 9.5, ஷட்டர் 1/100, ரெண்டும் ஃபேக்டரியில வச்சது வச்சதுதான். 200 ஐஎஸ்ஓ ரோல் போட்டு வெயில்ல எடுத்தா என்ன ஆகும்? ஷட்டர் ரெண்டு மடங்கு நேரம் தொறக்குது, துவாரம் கிட்டத்தட்ட மூணு மடங்கு வெளிச்சத்தை உள்ள விடுது, ஆக தேவைக்கு மேல அஞ்சரை மடங்கு வெளிச்சம் பிலிம் மேல விழுது. அதே கேமராவை ஒரு வேப்பமர நிழலுக்குக் கொண்டு போங்க, அங்க வெளிச்சம் வெயில்ல இருக்கிறதுல எட்டுல ஒரு பங்குதான், இப்ப விழறது தேவையானதுல முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி. வீட்டுக்குள்ள போயிட்டா வெயிலோட வெளிச்சத்துல இருநூத்தம்பதுல ஒரு பங்கு கூட தேறாது, தேவையானதுல நூத்துக்கு ரெண்டு பங்கு, அதாவது ஒண்ணும் விழாது.

இங்கதான் பிலிம் வருது. கலர் நெகட்டிவ் பிலிம் அதிக வெளிச்சத்தை ரொம்ப பொறுத்துக்கும், நாலு மடங்கு எட்டு மடங்கு அதிகமா விழுந்தாலும் நெகட்டிவ் கொஞ்சம் அடர்த்தியா வரும், அதுல இருந்து பிரிண்ட் எடுத்துக்கலாம். ஆனா குறைவா விழுந்தா பொறுக்காது, பாதிக்கும் கீழ போச்சுன்னா நிழல் எல்லாம் சேறு மாதிரி ஆயிடும். அதனால கேமரா செய்யிறவங்க கணக்கை வேணும்னே ஒரு பக்கமா சாய்ச்சு வச்சிருக்காங்க, நிழல்ல சரியா விழற மாதிரி வச்சிட்டா வெயில்ல அதிகமா விழறதை பிலிம் தாங்கிக்கும். கேமரா எதுக்கும் மாறல, பிலிம்தான் எல்லாத்தையும் தாங்குது. இதே டப்பாவுல ஸ்லைடு பிலிம் போட்டுப் பாருங்க, அது அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) தப்பைக் கூட மன்னிக்காது, வெயில்ல எடுத்ததெல்லாம் வெளுத்துப் போய் நிக்கும். காசு போனது போனதுதான்.

மூணாவது ஆளைப் பத்தி எங்க ஊர் ஸ்டுடியோ அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சது. தர்மபுரி டவுன்ல முப்பது வருஷத்துக்கு மேல ஸ்டுடியோ வச்சிருந்தவரு, இப்ப பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் ப்ளெக்ஸ் டிசைனும்தான். எங்க மாமா க்ளிக் த்ரீங்கற பழைய டப்பா கேமராவுல எடுத்த கல்யாண படம் ஒண்ணைக் காட்டி எவ்ளோ நல்லா எடுத்திருக்காருன்னு சொன்னேன், அவரு நெகட்டிவை வாங்கி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு "தம்பி, இதுல மாப்ள மூஞ்சி ஒரு பக்கம் அப்படியே கருத்துக் கெடக்குது பாருங்க, டார்க் ரூம்ல கையை ஆட்டி ஆட்டி அந்த இடத்துக்கு மட்டும் வெளிச்சத்தைக் கூட்டிக் கொறைச்சு தேத்துனது அது"ன்னாரு. அப்புறம் பிரிண்ட் போடுற மெஷின் வந்த காலத்துலயும் ஒவ்வொரு பிரேமா பாத்து டென்சிட்டி (அடர்த்தி) பட்டனைத் தட்டித்தான் பிரிண்ட் போட்டாங்களாம். ரோல் குடுத்தவங்களுக்கு அது தெரியவே தெரியாது, தங்களோட கேமரா நல்ல கேமரான்னு நெனச்சுட்டுப் போயிடுவாங்க.

இந்தப் பங்கு பிரிக்கிற ஏற்பாடு ஆரம்பத்துல இருந்தே திட்டம் போட்டு வந்ததுதான். 1888ல அமெரிக்காவுல ஜார்ஜ் ஈஸ்ட்மன் முதல் கோடக் கேமராவை வித்தப்ப, பட்டனை மட்டும் நீங்க அமுத்துங்க மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்னுதான் விளம்பரமே. 100 படம் எடுத்துட்டு கேமராவையே ஃபேக்டரிக்கு அனுப்பணும், அவங்க கழுவி பிரிண்ட் போட்டு புது ரோல் மாட்டித் திருப்பி அனுப்புவாங்க. விலை 25 டாலர், அந்தக் காலத்துக்குப் பெரிய காசு. 1900ல பிரவுனின்னு ஒரு அட்டைப்பெட்டி கேமரா ஒரு டாலருக்கு வந்துச்சு, சின்னப் பசங்களுக்குன்னே. கேமராவை மலிவா குடுத்துட்டு பிலிம்லயும் கழுவுறதுலயும் சம்பாதிக்கிற வியாபாரம். 1901ல வந்த 120ங்கற அகல ரோல் இன்னைக்கும் கடையில கிடைக்குதுங்க, நூத்து இருபது வருஷத்துக்கும் மேல ஒரே அளவு, எனக்கு இதை நெனச்சா இப்பவும் ஆச்சரியமா இருக்கும்.

நம்ம பக்கம் இந்த வேலையைப் பண்ணது ஆக்ஃபா க்ளிக் த்ரீ. குஜராத்ல பரோடாவுல நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் செஞ்சது, 120 ரோல்ல 12 சதுரப் படம். நம்ம ஜில்லாவுல அம்பது வயசுக்கு மேல இருக்கிறவங்க வீட்டு ஆல்பத்துல சதுரமா ஒரு கருப்பு வெள்ளைப் படம் இருந்தா அது இந்தக் கேமராவா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. பிலிமும் நம்ம மாநிலத்துலயே செஞ்சாங்க, ஊட்டியில இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960ல தொடங்கி 1967ல உற்பத்தி ஆரம்பிச்சது. மலை மேல ஏன்னா குளிர்ச்சியும் தூசி இல்லாத காத்தும் பிலிம் செய்ய அவசியம். அப்புறம் 80கள்ல ஹாட் ஷாட், 90கள்ல கோடக் கேபி10, எல்லாம் இதே ஜாதிதான், பிளாஸ்டிக் உடம்பு, மாத்த முடியாத போகஸ். அந்த ஊட்டி ஃபேக்டரி இப்ப ஓடல, ஒரு காலத்துல நம்மகிட்டயே இருந்த தொழில், அதை நெனச்சா மனசு கனக்குது.

லென்ஸைப் பத்தி கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா எல்லாரும் அந்த மங்கலான ஓரத்துக்குத்தான் ஆசைப்படுறாங்க. நல்ல கேமரா லென்ஸ்ல நாலு, ஆறு, சில நேரம் பத்து கண்ணாடிக்கு மேல இருக்கும், ஒண்ணு பண்ற தப்பை இன்னொண்ணு திருத்தும். டப்பா கேமராவுல ஒரே ஒரு பிளாஸ்டிக் வில்லை, மிஞ்சிப் போனா ரெண்டு. ஒத்தை வில்லை உருவாக்குற பிம்பம் தட்டையா விழாது, கிண்ணத்தோட உள்பக்கம் மாதிரி வளைஞ்சு விழும், பிலிம் தட்டையா இருந்தா நடுவுல தெளிவா இருக்கும் ஓரம் போகப் போகக் கரைஞ்சிடும். இதைச் சமாளிக்க ஒரு அருமையான வழி கண்டுபுடிச்சாங்க, லென்ஸைத் திருத்த முடியலைன்னா பிலிமை வளைச்சிடு. ஃபியூஜியோட 35 எம்எம் யூஸ் அண்ட் த்ரோ கேமராவைப் பிரிச்சுப் பாத்தீங்கன்னா பின்னாடி பிலிம் போற பாதை லேசா வளைஞ்சிருக்கும், அது தயாரிப்பு தப்பு இல்ல.

போகஸ் இல்லாம எப்படித் தெளிவா வருதுன்னா, துவாரம் சின்னதா இருந்தா தெளிவு ரொம்ப தூரம் நீளும். என் கேமராவுல இருக்குற 22 எம்எம் லென்ஸுக்கு எஃப் 9.5ல கணக்குப் போட்டா, ரெண்டரை மீட்டர்ல போகஸை நிறுத்திட்டா ஒண்ணேகால் மீட்டர்ல இருந்து அடிவானம் வரைக்கும் கண்ணுக்குப் போதுமான தெளிவு இருக்கும். அதனாலதான் செல்ஃபி எடுத்தா மூஞ்சி மங்குது, கை நீளம் முக்கா மீட்டர் கூட வராதே.

பேர் வாங்குன கேமரா ஹோல்கா. 1982ல ஹாங்காங்ல டி. எம். லீன்னு ஒருத்தர் வடிவமைச்சது, சீனாவுல அப்ப 120 ரோல் சுலபமா கிடைச்சதால அங்க இருக்குற சாதாரண குடும்பத்துக்குன்னு செஞ்சாங்க, ரொம்ப பளிச்சுன்னு அர்த்தம் வர்ற கான்டனீஸ் வார்த்தையில இருந்துதான் பேரே வந்துச்சு. ஆனா கொஞ்ச நாள்லயே சீனாவுல 35 எம்எம்ங்கற சின்ன ரோல் பரவிடுச்சு, ஹோல்கா வெளிநாட்டுக்குப் போச்சு, அங்க அதோட குறைகளையே விரும்பி வாங்குனாங்க. அதுல வெயில், மேகம்னு படம் போட்ட ஒரு ஸ்விட்ச் இருக்கும், பழைய ஹோல்கா பலதுல அதைத் தள்ளுனாலும் உள்ள துவாரம் மாறாது. ரோல் சுத்துறதுக்கும் ஷட்டருக்கும் சம்பந்தமே கிடையாது, அதனால சுத்த மறந்தா ஒரே பிரேம்ல ரெண்டு படம் விழும். பின்னாடி சின்னதா ஒரு சிவப்பு ஜன்னல், அதுல நம்பர் பாத்துத்தான் சுத்தணும். மூடி சரியா உக்காராது, ஓரத்துல வெளிச்சம் கசியும், அதனால ஹோல்கா வச்சிருக்கிறவங்க எல்லாரும் பையில கருப்பு இன்சுலேஷன் டேப் வச்சிருப்பாங்க. நானும் ஆரம்பத்துல கசிவு வந்தா அழகுன்னு விட்டேன், ரெண்டு ரோல் பாத்ததுக்கு அப்புறம் டேப் ஒட்ட ஆரம்பிச்சேன். தானா வந்த சிவப்புக் கோடு முதல் தடவைதான் அழகு, எல்லாப் படத்துலயும் ஒரே இடத்துல வந்தா அது வெறும் ஓட்டைதான்.

இதுக்கு முன்னாடியே 1960கள்ல ஹாங்காங்லயே டயானான்னு ஒண்ணு இருந்துச்சு, அதே வம்சம். ஆனா லோமோ எல்சி-ஏவை இந்தக் கூட்டத்துல சேக்காதீங்க, நெறைய பேர் சேக்குறாங்க. அது 1984ல லெனின்கிராட்ல செஞ்சது, கண்ணாடி லென்ஸ், வெளிச்சத்தை அளந்து ஷட்டரைத் தானே மாத்திக்கும், தூரத்தை நாம வைக்கணும். அதுக்கு மூளை உள்ளேயே இருக்கு. 1992ல வியன்னாவுல சில மாணவங்க அதை வச்சு லோமோகிராபின்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க, அதுலதான் டப்பா கேமரா ஆசையும் உலகம் முழுக்கப் பரவுச்சு, அதனால பேர் கலந்து போச்சு.

இன்னொரு பக்கம் லென்ஸே இல்லாத கேமரா. ஒரு பிஸ்கட் டப்பா எடுத்து ஒரு பக்கம் கூல்டிரிங்ஸ் கேன் தகடுல ஊசி ஓட்டை. ஓட்டைல இருந்து பிலிம் வரைக்கும் 5 சென்டிமீட்டர்னா ஓட்டை 0.3 மில்லிமீட்டர் இருக்கணும், பெருசானாலும் மங்கும், ரொம்ப சின்னதானாலும் வெளிச்சம் வளைஞ்சு மங்கும். அது எஃப் 160க்குப் பக்கம், நல்ல வெயில்ல 100 ஐஎஸ்ஓவுக்கு ஒரு செகண்டு தொறந்தா போதும். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரத்துல இருக்கிற கல்திட்டைகளை (பழங்காலத்துல பலகைக்கல் நிறுத்திக் கட்டுன ஈமச்சின்னம்) இதுல எடுத்தேன், டப்பாவைத் தரையிலயே வச்சு அசையாம இருக்க மேல ஒரு கல்லை வச்சேன், பலகைக்கல் ஒவ்வொண்ணும் வானத்தையே மறைக்கிற மாதிரி வந்துச்சு, என் போன்ல எடுத்த எதுலயும் அந்தக் கனம் இல்ல.

இனி நம்ம ஊர் வெளிச்சம். தர்மபுரி கிருஷ்ணகிரியில வருஷத்துல பெரும்பகுதி வெயில் பஞ்சமே இல்ல, டப்பா கேமராவுக்கு ஏத்த பூமி. ஆனா வெளிச்சம் எவ்ளோன்னு மட்டும் பாத்தா போதாது, எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு பாக்கணும், இதை எனக்குப் புரிய வச்சது நடுகல். நம்ம பக்கம் வயக்காட்டு ஓரத்துல, கோயில் பக்கத்துல நடுகல் நிறைய நிக்குது, தர்மபுரி அருங்காட்சியகத்துலயும் இருக்கு. வீரனையும் வில்லையும் மாட்டையும் ரொம்ப ஆழமா செதுக்கியிருக்க மாட்டாங்க. பதினோரு மணிக்கு நேரா நின்னு எடுத்தேன், வெறும் பலகைக்கல் மாதிரி வந்துச்சு. நல்ல கேமரான்னா வேற ஏதாவது திருகிப் பாத்திருப்பேன், இதுல மாத்த முடிஞ்சது நேரம் ஒண்ணுதான், அதனால மறுநாள் காலையில ஏழு மணிக்குப் போனேன், வெயில் பக்கவாட்டுல உரசிட்டுப் போகுது, வாள் தனியா கை தனியா எழுந்து நிக்குது. எழுத்து இருக்குன்னே அப்பதான் பாத்தேன்.

எருது விடும் விழா நேரெதிர். பொங்கல் சமயத்துல ஒரு எருது தெருவுல ஓடி வருதுன்னா, செகண்டுக்கு 10 மீட்டர் ஓடுதுன்னு வச்சுக்குங்க, 1/100 செகண்டு ஷட்டர் தொறந்திருக்கிறப்ப அது 10 சென்டிமீட்டர் நகந்திருக்கும். குறுக்க ஓடுனா கொம்பு கோடா இழுத்துடும். நேரா நம்மளப் பாத்து ஓடி வந்தா இழுப்பு ரொம்ப கம்மி, ஆனா அங்க நிக்கக் கூடாதுங்க, தடுப்புக்கு வெளிய ஏதாவது திட்டு மேல நின்னு அது கூடவே கேமராவையும் திருப்பி எடுங்க, எருது ஓரளவு தெளிவா வரும், கூட்டம் கோடு கோடா ஓடும். கிருஷ்ணகிரி மாங்கா மண்டிய மட்டும் நான் இந்தக் கேமராவுல எடுக்கிறது இல்ல, தகர ஷெட்டுக்குள்ள இருட்டு, வாசல்ல கண்ணு கூசுற வெளிச்சம், பிளாஷ் மூணு மீட்டருக்கு மேல எட்டாது. லாரியில கூடை ஏத்துறது வெளிய நடக்கும், அதை எடுக்கலாம்.

செலவு. ஒரு 36 படம் கலர் ரோல் ஆயிரம் ரூபாய்க்கு மேல போயிடுது, கழுவி ஸ்கேன் பண்ண தனியா. 2000க்கு அப்புறம் டிஜிட்டல் வந்து பிலிம் விக்காம ஃபேக்டரி லைன் எல்லாம் மூடுனாங்க, கோடக் 2012ல திவால் மனு போட்டுச்சு, இப்ப ஆசைப்பட்டு வாங்குற கூட்டம் திரும்பி வந்தப்ப செய்யறதுக்கு மெஷின் கொஞ்சம்தான் மிச்சம், அதுவும் நமக்கு இறக்குமதி. அதனாலதான் நான் ஹாஃப் பிரேம் எடுத்தேன், ஒரு பிரேம் இடத்துல ரெண்டு விழும், 36க்கு 72. விலை கம்மியா சினிமா பிலிமை வெட்டி டப்பாவுல சுத்தி விக்கிறாங்க, வாங்கலாம், ஆனா பலதுல முதுகுல ஒரு கரிப்பூச்சு இருக்கும், சாதாரண கலர் மெஷின்ல விட்டா மருந்தே கெட்டுடும், லேப்ல முன்னாடியே சொல்லிடுங்க. சொல்லாம குடுக்கிறது அடுத்தவங்க ரோலுக்குப் பண்ற துரோகம்.

ரோலை வெயில்ல விடாதீங்க. சித்திரை மாசம் பைக் பெட்டிக்குள்ள ஒரு ரோலை ஒரு வாரம் மறந்து விட்டேன், ராயக்கோட்டை மலை முழுக்க ஊதா படிஞ்சு வந்துச்சு. பிரிட்ஜ்ல வைங்க, வெளிய எடுத்தா டப்பாவைத் தொறக்காம ஒரு மணி நேரம் விட்டு அப்புறம் தொறங்க, இல்லைன்னா பிலிம் மேல வேர்வை பூத்துடும்.

கருப்பு வெள்ளைன்னா வீட்டுலயே கழுவலாம், லைட் புகாத ஒரு டேங்க், படத்தை வெளிய கொண்டு வர்ற டெவலப்பர், அதை நிலைக்க வைக்கிற ஹைப்போ, இவ்ளோதான். இதுல நம்ம ஊருக்குன்னு ரெண்டு சிக்கல் உண்டு. டெவலப்பர் நேரம் எல்லாம் 20 டிகிரிக்குப் போட்டிருப்பான், நம்ம மாடித் தொட்டி தண்ணி ஏப்ரல்ல முப்பதைத் தாண்டி நிக்கும், அதுல கழுவுனா மூணு நாலு நிமிஷத்துல முடிஞ்சு படம் திட்டுத் திட்டா வந்துடும். நான் ராத்திரியே மருந்தை மண்பானைத் தண்ணில கலந்து, பாட்டிலைப் பானைக்குள்ள இறக்கி வச்சிடுவேன், தேவைப்பட்டா ஐஸ் கட்டி வெளிப்பக்கம், தெர்மாமீட்டர் இல்லாம ஆரம்பிக்க மாட்டேன். அடுத்தது உப்புத் தண்ணி. நம்ம போர் தண்ணி பத்தி சொல்லவே வேணாம், ஃபுளோரைடு தொல்லைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு 2013ல திறந்தாங்க. போர் தண்ணில அலசிக் காயப்போட்டா நெகட்டிவ் மேல வெள்ளை வெள்ளையா சொட்டுத் தடம் நிக்கும், தொடைச்சா கீறும். கடைசி அலசலுக்கு மட்டும் மெக்கானிக் கடையில விக்கிற, உப்பு நீக்குன பேட்டரி தண்ணி (ஆசிட் இல்ல) ஒரு லிட்டர் வாங்கி ஒரு துளி ஷாம்பு விட்டு முக்கி எடுங்க, தடம் இல்லாம காயும். பழசான ஹைப்போவுல வெள்ளி கரைஞ்சிருக்கும், அதைக் கிணத்துப் பக்கமோ வயல்லயோ ஊத்தாதீங்க, கேன்ல சேத்து வச்சு வெள்ளி பிரிக்கிறவங்ககிட்ட குடுங்க.

ஸ்டுடியோ அண்ணன் கையை ஆட்டிப் பண்ண வேலையை இப்ப ஸ்கேன் பண்றப்ப நாமளேதான் பண்ணணும், எவ்ளோ இருட்டு எவ்ளோ வெளிச்சம்னு ஒவ்வொரு பிரேமா உக்காந்து பாக்கணும். லேப்ல இருந்து வந்த ஸ்கேனை அப்படியே எடுத்துக்காதீங்க, அங்க ஒரு மெஷின் சராசரி பாத்து முடிவு பண்ணியிருக்கும். ஒரு தடவை வெளியூர் லேப் ஒண்ணுல இருந்து என் ஒகேனக்கல் ரோல் வெளுத்துப் போய் வந்துச்சு, ரோலே போச்சுன்னு இருந்தேன், நெகட்டிவை வாங்கி வீட்டுல திரும்ப ஸ்கேன் பண்ணா அருவித் தண்ணில நூல் நூலா விவரம் இருக்கு. நெகட்டிவைத் திருப்பிக் கேட்டு வாங்காம விடவே விடாதீங்க.

வீட்டுப் பரண்ல க்ளிக் த்ரீ கிடைச்சா உடனே ரோல் வாங்கப் போகாதீங்க. மொதல்ல பின்மூடியைத் தொறந்து ஷட்டரைத் தட்டி வெளிச்சம் வந்து போகுதான்னு பாருங்க, லென்ஸ்ல பூஞ்சை வலை இருந்தா மெல்லிசுத் துணியால தொடைங்க, அப்புறம் உள்ள ஒரு காலி ஸ்பூல் கெடக்குதான்னு பாருங்க, 120 ரோல் ஒரு ஸ்பூல்ல இருந்து இன்னொரு ஸ்பூலுக்குத்தான் ஏறும், அது இல்லைன்னா எங்கயாவது ஒண்ணு வாங்கி வந்துட்டு அப்புறம் ரோல் போடுங்க.